திரையில் மயில், தறியில் கொக்கு

டிசைன் மென்பொருள் இன்று காசில்லாமலே கிடைக்கிறது. அது கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தெரிந்த ஆள் கிடைக்கிறாரா? அருப்புக்கோட்டை – திருச்சுழி வட்டாரத்திலிருந்து ஒரு பார்வை.

வேலைக்குப் புதிதாக வந்த ஒரு பையனிடம் சேலைக்கு மயில் புட்டா ஒன்று வரையச் சொல்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டரில் கட்டம் போட்ட திரையைத் திறக்கிறான். அகலத்தில் 240 கட்டம், உயரத்தில் 240 கட்டம், கச்சிதமான சதுரம். அதற்குள் ஒரு மயிலை அழகாக உட்கார வைக்கிறான். முதலாளிக்கும் பிடித்துப்போகிறது. டிசைன் தறிக்குப் போகிறது. துணி இறங்கும்போது பார்த்தால் மயிலைக் காணோம். கழுத்து நீண்டு, உடம்பு ஒடுங்கி, கொக்கு ஒன்று நிற்கிறது.

மென்பொருளில் எந்தப் பிழையும் இல்லை. அந்தத் துணியில் பாவு நூல் அங்குலத்துக்கு 80, ஊடை அங்குலத்துக்கு 60. அப்படியானால் 240 பாவு நூல் 3 அங்குல அகலம். 240 ஊடை 4 அங்குல உயரம். திரையில் சதுரமாக இருந்தது துணியில் மூன்றுக்கு நாலாக இழுபட்டுவிட்டது. பாவு எத்தனை, ஊடை எத்தனை என்று கேட்கும் இடம் அந்த மென்பொருளிலேயே இருக்கிறது. இரண்டு எண்களைத் தட்டியிருந்தால் கட்டங்களை அதுவே சரிசெய்து காட்டியிருக்கும். தட்ட வேண்டும் என்பது பையனுக்குத் தெரியவில்லை. பழைய காலத்தில் கட்டத்தாளில் பென்சிலால் டிசைன் போட்டவர்களுக்கு இது பாலபாடம். ரீடுக்கும் ஊடைக்கும் தக்கபடி தாளையே தேர்ந்தெடுப்பார்கள்.

ஒரு பொருளை உருவாக்குவதில் டிசைன் மென்பொருள் எவ்வளவு லாபம் தரும் என்று கேட்டால், மென்பொருள் விற்பவர் சதவீதக் கணக்கில் பதில் சொல்வார். நேரம் இவ்வளவு மிச்சம், செலவு இவ்வளவு மிச்சம் என்று அட்டவணை காட்டுவார். நாற்காலியில் உட்காரப்போவது யார் என்பதற்கு மட்டும் அந்த அட்டவணையில் இடம் இருக்காது. மொத்தக் கணக்கும் அந்த ஆளைப் பொறுத்தது என்பதற்கு அருப்புக்கோட்டையைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

தறி கேட்கும் கேள்விகள்

தறிச் சத்தத்தில் வளர்ந்த ஊர் இது. புளியம்பட்டி, திருநகரம் பக்கம் கைத்தறியும் விசைத்தறியும் பல தலைமுறையாக ஓடுகின்றன. நூற்பாலைகளும் உண்டு. இங்கே நெய்யும் பருத்திச் சேலைக்குத் தனிப்பெயரும் உண்டு. கிழக்கே திருச்சுழி சாலையில் திரும்பினால் காட்சி மாறிவிடும். கண்மாய், கரிசல் காடு, சீமைக்கருவேல், கரிமூட்டம், மழையை நம்பிய மானாவாரி வெள்ளாமை. ஒருபக்கம் தறி, மறுபக்கம் கலப்பை. இரண்டுமே மென்பொருளில் வரையக்கூடிய பொருள்கள்தான். இரண்டிலுமே கம்ப்யூட்டருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது.

முதலில் தறி. ஜக்கார்டு பெட்டியில் எத்தனை கொக்கி என்பதுதான் டிசைனின் எல்லை. 240 கொக்கிப் பெட்டியில், அங்குலத்துக்கு 80 பாவு ஓடும் துணியில், ஒரு புட்டா அதிகபட்சம் 3 அங்குல அகலம்தான் வரும். 400 கொக்கி என்றால் 5 அங்குலம். இது தெரியாமல் 4 அங்குல அகலத்தில் வரைந்த மயிலுக்கு 240 கொக்கித் தறியில் இடமே கிடையாது. உயரத்துக்கோ கணக்கு வேறு. சாதாரணமாக ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. புட்டா உயரமாக ஆக அட்டையும் கூடும், செலவும் கூடும். எலெக்ட்ரானிக் ஜக்கார்டு வந்த இடங்களில் அட்டை போய்விட்டது. கொக்கிக் கணக்கு போகவில்லை.

அடுத்தது மிதப்பு. புட்டாவுக்காக ஓடும் வண்ண நூல், பாவில் கட்டுப்படாமல் துணியின் பின்பக்கம் நீளமாக மிதந்தால் என்ன ஆகும்? சேலை கட்டுபவரின் மெட்டியில் மாட்டும், வளையலில் மாட்டும். ஒருமுறை இழுபட்டால் புட்டா குலைந்துவிடும். எனவே குறிப்பிட்ட நீளத்துக்கு மேல் மிதக்கும் நூலை நடுவில் ஓரிடத்தில் பிடித்துக் கட்ட வேண்டும். நல்ல நெசவு மென்பொருள் எதிலும் இதைச் சோதிக்க ஒரு வசதி இருக்கும். ஒரு பட்டனைத் தட்டினால் நீளமாக மிதக்கும் இடங்களையெல்லாம் வண்ணமிட்டுக் காட்டிவிடும். கையால் தேடினால் ஒருநாள் பிடிக்கிற வேலை.

ஆனால் தேடுவதற்கு முன் அது நம்மிடம் ஓர் எண்ணைக் கேட்கும்: எத்தனை நூலுக்கு மேல் போனால் நீளம்?

80 பாவுத் துணியில் 20 நூல் என்றால் கால் அங்குலம். உடல் பகுதிக்கு அது கூடுமா, குறைய வேண்டுமா? முந்திக்கும் அதே எண்ணா? நூல் 60-ம் நம்பரா, 100-ம் நம்பரா? தினமும் துவைக்கிற சேலையா, விசேஷத்துக்கு மட்டும் எடுக்கிற சேலையா? பிடித்துக் கட்டும் புள்ளி முன்பக்கம் தெரிந்து மயிலின் கண்ணைக் கெடுத்துவிடாதா? இதற்கெல்லாம் பதில் மென்பொருளுக்குள் இல்லை. பல வருடம் தறியில் உட்கார்ந்தவரின் விரலில் இருக்கிறது. அந்த எண்ணைத் தெரிந்து தட்டுகிறவருக்கு மென்பொருள் பல நாள் வேலையை ஒரு மணி நேரத்தில் முடித்துத் தரும். தெரியாமல் தட்டுகிறவருக்கோ அதே வேகத்தில் தவறை முடித்துத் தரும். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பது கம்ப்யூட்டர் அகப்பைக்கும் பொருந்தும்.

விலைதான் தடை என்று சொல்வதற்கும் இப்போது வழியில்லை. நெட்கிராஃபிக்ஸ், ஆராவீவ் போன்ற வெளிநாட்டு நெசவு மென்பொருள்களை வாங்கச் சிறிய தறிக்கூடங்கள் யோசிக்க வேண்டியிருக்கலாம். மத்திய அரசின் டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன் உருவாக்கிய ‘டிஜிபுனாய்’ அப்படியில்லை. ஜக்கார்டு, டாபி இரண்டுக்கும் அதில் டிசைன் போடலாம். கட்டற்ற மென்பொருள், பத்து பைசா தர வேண்டாம். கம்ப்யூட்டரும் மலிந்துவிட்டது. மிச்சமிருப்பது ஆள் மட்டும்தான். அந்த இடத்தில்தான் நம் தொழில் கையைச் சுருக்கிக்கொள்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த சூரத் சேலைப் படத்தைக் காட்டி ‘இதே மாதிரி போடு’ என்று சொல்வதற்கு டிசைனர் தேவையில்லை, நகலெடுப்பவர் போதும். அப்படிச் செய்கிற இடத்தில் எந்த மென்பொருள் இருந்தாலும் ஒன்றுதான்.

நார்வேயில் மூழ்கிய எண்

இது ஏதோ சின்ன ஊர்ச் சிக்கல் என்று நினைக்க வேண்டாம். 1991 ஆகஸ்ட் 23. நார்வேயின் ஸ்டவாங்கர் நகருக்கு அருகே கடல் கால்வாய் ஒன்றில், ‘ஸ்லைப்னர் ஏ’ என்ற எண்ணெய்க் கிணற்று மேடைக்கான பிரம்மாண்டமான கான்கிரீட் அடித்தளத்தைச் சோதனைக்காகத் தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். சுமார் 65 மீட்டர் ஆழத்தில் உள்சுவர் ஒன்று வெடித்தது. தண்ணீர் புகுந்து மொத்த அடித்தளமும் மூழ்கி, தரையில் மோதிச் சிதறியது. மோதிய அதிர்வு நிலநடுக்கமானியில் ரிக்டர் 3 என்று பதிவானது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. பொருள் நஷ்டம் சுமார் 70 கோடி டாலர்.

சுவர்களின் வலுவைக் கணக்கிட்டது நாஸ்ட்ரான் என்ற மென்பொருள். விண்வெளித் துறையிலிருந்து வந்த, உலகமே நம்புகிற கருவி. ஒரு கட்டுமானத்தைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்து ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு விசை விழுகிறது என்று கணக்கிடுவது அதன் முறை. எத்தனை துண்டாகப் பிரிப்பது, எங்கே நெருக்கமாகப் பிரிப்பது என்பதைப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். சுவர்கள் கூடும் சிக்கலான மூலையில் துண்டுகள் பெரிதாகவும் கோணலாகவும் விழுந்துவிட்டன. விளைவு, அந்த இடத்தின் வெட்டு விசையை மென்பொருள் 47 சதவீதம் குறைத்துக் காட்டியது. சுவரில் வைத்த கம்பியும் அதற்கேற்பக் குறைந்தது. விபத்துக்குப் பிறகு கவனமாகக் கணக்குப் போட்டபோது, அந்தச் சுவர் 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று விடை வந்தது. உடைந்ததோ 65-ல்.

அதற்குப் பின் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மாற்று அடித்தளத்தை அவசரமாகக் கட்ட வேண்டும். கம்ப்யூட்டர் கணக்கை நம்பும் அளவுக்குச் சரிபார்க்க நேரமில்லை. ஸ்லைடு ரூல் காலத்துக் கைக்கணக்கு முறைகளை வைத்தே பொறியாளர்கள் வடிவமைத்தார்கள். அது நின்றது. கைக்கணக்கு தெரிந்தவர்கள் அதைக் கட்டிய நிறுவனத்தில் இன்னும் மிச்சமிருந்ததால் அது முடிந்தது.

ஒரே குடும்பத்து மென்பொருளை வைத்துக்கொண்டு இரண்டு நிறுவனங்கள் எதிரெதிர்த் திசையில் போன கதையும் உண்டு. போயிங் 777 விமானம் முழுவதும் பிரெஞ்சு மென்பொருளான கேட்டியாவில் வரையப்பட்டது. 1994 ஜூன் 12-ல் முதன்முதலாகப் பறந்தது. அப்போது எல்லோரும் மென்பொருளைத்தான் புகழ்ந்தார்கள். உண்மையில் போயிங் இன்னொரு வேலையும் செய்திருந்தது. வரைகிறவர், பொருத்துகிறவர், பழுது பார்க்கிறவர் ஆகியோரை ஒரே மேஜையில் உட்கார வைத்து 200-க்கும் மேற்பட்ட குழுக்களை அமைத்தது. விமானத்தை வாங்கப்போகும் நிறுவனங்களின் ஆட்களையும் முதலிலிருந்தே கூட அழைத்துக்கொண்டது. கையுறை போட்ட மெக்கானிக்கின் கை உள்ளே நுழையுமா என்று திரையில் பார்க்கும்போது, பதில் சொல்ல மெக்கானிக்கே பக்கத்தில் இருந்தார்.

ஏர்பஸ் ஏ380-ன் கதை தலைகீழ். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் கேட்டியாவின் நாலாம் பதிப்பு, பிரான்சின் துலூஸில் ஐந்தாம் பதிப்பு. ஒரு விமானத்துக்குள் ஓடும் ஒயர் 500 கிலோமீட்டருக்கும் மேல். ஹாம்பர்க்கில் தயாரான ஒயர்க்கட்டுகள் துலூஸுக்கு வந்து பொருத்தும்போது நீளம் போதவில்லை. 2006-ல் விஷயம் வெளியே வந்தது. அந்த ஜூலையில் ஏர்பஸ் தலைவரும் அதன் தாய் நிறுவனத்தின் இணைத் தலைவரும் பதவி விலகினார்கள். விமானம் சுமார் 2 ஆண்டு தாமதமானது. பதிப்பு வேறுபாட்டைக் குற்றம் சொல்வது சுலபம். இரண்டு ஊர்க்காரர்களும் ஒரு மேஜையில் உட்காரவில்லை என்பதுதான் அடியில் கிடந்த காரணம்.

கரிசல் கேட்கும் ஆழம்

திருச்சுழிப் பக்கம் திரும்புவோம். இங்கே கரிசலில் புழுதி விதைப்பு என்று ஒரு வழக்கம். வடகிழக்குப் பருவமழை வருவதற்கு முன்பே காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிடுவார்கள். மழை விழுந்த பிறகு கரிசலுக்குள் டிராக்டரும் இறங்காது, மாடும் இறங்காது. சேறு சக்கரத்தை விடாது. முந்திக்கொள்வதுதான் வழி. ஆனால் ஒரு தூறல் விழுந்ததும் விதை ஏமாந்து முளைத்துவிட்டால், அடுத்த மழை வருவதற்குள் கருகிவிடும். ஆகவே விதையை ஆழத்தில் போட வேண்டும். வேளாண் பல்கலைக்கழகம் பருவமழைக்கு முந்திய சோள விதைப்புக்குச் சொல்லும் ஆழம் 5 சென்டிமீட்டர். மண் நன்றாக நனையும் அளவுக்கு மழை பெய்தால்தான் விதைக்கு ஈரம் எட்டும்.

இப்போது ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியர் சாலிட்வொர்க்ஸில் விதைப்புக் கருவி ஒன்று வரைகிறார். முப்பரிமாணத்தில் சுழற்றிச் சுழற்றிப் பார்க்கலாம்; எடை எவ்வளவு, எந்த இடத்தில் வளையும், எல்லாம் தெரியும். விதை விழும் ஆழத்துக்கு அவர் எந்த எண்ணைத் தட்டுவார்? பாசன நிலத்துப் புத்தகத்தைப் பார்த்து மேலோட்டமாக 2, 3 சென்டிமீட்டர் என்று வைத்தால், கருவி குறையில்லாமல் வேலை செய்யும். முளைத்த பயிர் குறையில்லாமல் சாகும்.

கொழுவின் வலுவுக்கும் இதே கதை. ஆவணியில் வெடித்துக் கிடக்கும் கரிசல் செங்கல் மாதிரி. ஐப்பசியில் அதுவே கொழுவைச் சுற்றி அப்பிக்கொள்ளும் களி. மென்பொருள் ‘சுமை எவ்வளவு?’ என்று கேட்கும்போது எந்த மாதத்துச் சுமையைச் சொல்வது? செவல் மண்ணில் வருடக்கணக்கில் உழைக்கும் கலப்பை கரிசலில் வளைந்துபோவதை அருப்புக்கோட்டை, காரியாபட்டிப் பக்கத்து லேத் பட்டறைகளில் அன்றாடம் பார்க்கிறார்கள். எந்த இடத்தில் விரிசல் விடும், எங்கே ஒரு பட்டை கூடுதலாக வைத்து வெல்டு அடிக்க வேண்டும் என்பது பட்டறைக்காரருக்கு மனப்பாடம். அவருக்கு மென்பொருள் தெரியாது. மென்பொருள் தெரிந்தவருக்குப் பட்டறைக்கு வழி தெரியாது. குதிரைவாலி, தினைக்கு உமி நீக்கும் இயந்திரத்திலும் இதேதான். நெல்லுக்கு வரைந்த இயந்திரத்தின் இடைவெளியைச் சின்னதாக்கிவிட்டால் போதும் என்று நினைத்தால், ஒருபக்கம் நொய், மறுபக்கம் உமியோடு முழுத் தானியம்.

ஆள் இருக்கிறார், அறை வேறு

இந்த மாவட்டத்தில் இன்ஜினியர்களுக்குப் பஞ்சம் கிடையாது. காரியாபட்டி அருகே புல்லூரில் 1995-ல் தொடங்கிய சேது பொறியியல் கல்லூரி, விருதுநகருக்கு அருகே 1998-ல் வந்த காமராஜ் பொறியியல் கல்லூரி, சிவகாசியில் மெப்கோ, கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம். பின்னவை இரண்டும் 1984-லேயே வந்தவை. ‘நான் முதல்வன்’ திட்டம் 2022 மார்ச் 1-ல் தொடங்கியதிலிருந்து கல்லூரிகளில் மென்பொருள் பயிற்சிக்கும் குறைவில்லை. தமிழகத்தின் 71 அரசு ஐடிஐ-களை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து நவீனப்படுத்த அரசு எடுத்த திட்டத்தின் மதிப்பு சுமார் 2,877 கோடி ரூபாய். கருவியும் லைசென்ஸும் வந்து குவிகின்றன. தவறு என்று சொல்ல மாட்டேன், வரட்டும். ஆனால் இறுதியாண்டு மாணவர் ஒருவர் தம் கல்லூரியிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் தறிக்கூடத்தை ஒருமுறைகூட உள்ளே போய்ப் பார்க்காமல் பட்டம் வாங்க முடிகிறது. புராஜெக்டுக்குக் கார் சேசிஸ் வரைகிறார்; சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடுகிறார். நெசவையே பாடமாகப் படிக்க நினைக்கும் பிள்ளை, 1960 முதல் சேலத்தில் இயங்கும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகத்துக்குப் போக வேண்டும்.

திறமை என்றவுடன் நாம் மதிப்பெண்ணையும் மென்பொருள் சான்றிதழையும் நினைத்துக்கொள்கிறோம். 2009-ல் ராபர்ட்சன், ராட்கிளிஃப் என்ற இரு ஆய்வாளர்கள் டிசைன் மென்பொருள் பொறியாளரின் யோசனையை எப்படி மாற்றுகிறது என்று ஆராய்ந்தார்கள். மென்பொருளில் சுலபமாக வரையக்கூடிய வடிவங்களுக்குள்ளேயே சிந்தனை சுருங்கிவிடுகிறது, பாடுபட்டு விரிவாக வரைந்துவிட்ட மாதிரியை மாற்ற மனம் வருவதில்லை என்பவை அவர்கள் கண்ட ஆபத்துகளில் சில. மென்பொருளை நன்றாகக் கற்றவருக்குத்தான் இந்த ஆபத்து அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. பொருளை அறிந்தவர் அழித்துவிட்டுப் புதிதாக வரைவார். கருவியை மட்டும் அறிந்தவர் அதையே மெருகேற்றிக்கொண்டிருப்பார்.

இன்னொரு பக்கமும் உண்டு. திருவனந்தபுரத்தில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் பொறியாளர்கள் ராக்கெட்டுகளின் வலுவைக் கணக்கிட ‘ஃபீஸ்ட்’ என்ற மென்பொருளைத் தாங்களே எழுதினார்கள். 1977-லிருந்து அது வளர்ந்து வருகிறது. பொருளை அறிந்தவர்கள் கூடிய இடத்தில் மென்பொருளே பிறக்கும். பொருளை அறியாத இடத்தில் வாங்கிய மென்பொருள் தூசிதான் படியும்.

தறிக்காரரோ லேத் பட்டறைக்காரரோ திரை முன் உட்கார்ந்து கற்றுக்கொள்ளட்டும் என்று சிலர் சொல்கிறார்கள். சிலர் கற்றுக்கொள்வார்கள். ஐம்பது வயதில் எல்லோரையும் மௌஸ் பிடிக்கச் சொல்வது நியாயமில்லை. மென்பொருள் தெரிந்த இளைஞரைத் தறிப் பக்கம் கொண்டுபோவதுதான் சுலபம், செலவும் குறைவு. முதல் ஆறு மாதம் அவர் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது. பாவு ஓட்டட்டும், விழுது பிணைக்கட்டும், அறுந்த நூலை முடியட்டும். சொல்லித்தருகிற நெசவாளருக்கு வாத்தியார் சம்பளம் தனியாக வேண்டும். ‘தம்பிக்குக் கொஞ்சம் சொல்லிக் கொடுங்கண்ணே’ என்று சும்மா ஒப்படைத்தால், ஊடைக்கணக்கில் கூலி வாங்குகிற அண்ணனுக்கு அன்றைய கூலி குறையும். இந்தச் சின்னக் கணக்கைப் பார்க்காததால் எத்தனையோ பயிற்சித் திட்டங்கள் பேப்பரோடு நின்றுவிட்டன.

விருதுநகர் மாவட்டத்தின் இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பிஎம் மித்ரா ஜவுளிப் பூங்கா அமைக்க 2023 மார்ச்சில் ஒப்பந்தம் ஆனது. அங்கே டிசைன் மையம் வரும், மென்பொருள் வரும், திறப்பு விழாவும் நடக்கும். அந்த மையத்தின் வரைபடம் இறுதியாவதற்கு முன் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். கம்ப்யூட்டர் அறைக்கு அடுத்த அறையில் நாலு மாதிரித் தறியையும், அவற்றில் உட்கார அருப்புக்கோட்டை நெசவாளர்கள் நாலு பேருக்கு மாதச் சம்பளத்தையும் அதே பட்ஜெட்டில் எழுதிவையுங்கள். கல்லூரி முதல்வர்களுக்கும் ஒன்று: வருகிற ஆண்டு இறுதியாண்டு புராஜெக்டுகளில் பத்தில் ஒன்றாவது இந்த மாவட்டத்துத் தறிக்கோ கலப்பைக்கோ போகட்டும், மார்க் போடும்போது அந்தத் தறிக்காரரையும் பட்டறைக்காரரையும் தேர்வாளராக உட்கார வையுங்கள்.